ஆறு ஒரு வழி, சாலை ஒரு வழி

சுவிட்சர்லாந்தின் கிழக்கு மலைகளில் இலான்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2,044 மீட்டர் உயரத்திலுள்ள ஒபரால்ப் கணவாயிலிருந்து ரைன் ஆற்றை ஒட்டியே சைக்கிளில் இறங்கி வருபவர், இந்த ஊரை எட்டும்போது நல்ல உற்சாகத்தில் இருப்பார். வழியெல்லாம் பெரும்பாலும் இறக்கம்தான். ஆறு இனிமேலும் கீழேதான் போகப்போகிறது, நமக்கென்ன கவலை என்று தோன்றும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த நிம்மதி போய்விடுகிறது. ஆறும் அதன் கரையோரம் ஓடும் சிவப்பு ரயிலும் வெள்ளைச் சுவர்கள் கொண்ட ஒரு மலையிடுக்குக்குள் நுழைகின்றன. சைக்கிள் சாலை மட்டும் அவற்றை விட்டு விலகி மலைமேல் ஏறுகிறது. வெர்சாம் கிராமத்தைச் சேர்வதற்குள் சுமார் 200 மீட்டர் உயரம் மூச்சிரைக்க ஏறவேண்டும். ஆற்றோரப் பாதை என்று நம்பி வந்தவருக்கு ஆறு இப்போது எங்கோ அடியில், பச்சை நாடா போலத் தெரிகிறது.

இதற்குக் காரணம் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிலச்சரிவு. இன்றைய பிளிம்ஸ் ஊருக்கு மேலிருந்த மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து பள்ளத்தாக்கையே அடைத்தது. பின்னால் ஏரியாகத் தேங்கிய ரைன் அந்த இடிபாட்டை அரித்து அரித்து, சில இடங்களில் 350 மீட்டருக்கும் மேல் ஆழமான ஒரு பிளவை உண்டாக்கியது. ருயினவுல்டா என்று அதற்குப் பெயர். 1903-இல் அந்தப் பிளவின் அடியில் ரயில் பாதை போட்டார்கள். ஒரு தண்டவாளத்துக்கு இடம் கிடைத்த அங்கே, அதன் பக்கத்தில் சாலைக்கும் இடம் கிடைக்கவில்லை.

மலைநாட்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் நெடும்பயணம் போகும் சைக்கிள்காரர்களின் அடிப்படைச் சிக்கல் இந்தச் சில கிலோமீட்டரிலேயே அடங்கியிருக்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறாது என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால் ஆற்றோடு போனால் ஏற்றமே இராது என்று மனம் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறது. ஆறு ஏறாது என்பது சரி. ஆனால் பயணி மிதிப்பது ஆற்றின் மேல் அல்லவே, சாலையின் மேல்! அந்தச் சாலை ஆற்றின் பேச்சைக் கேட்கிறதா என்பது பள்ளத்தாக்கு எப்படி உருவானது, சாலையை யார் எதற்காகப் போட்டார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது. பயண நூல்கள் கிலோமீட்டரையும் காட்சிகளையும் வரிசையாகச் சொல்லும். இந்த இரண்டைப் பற்றி அவை பேசுவது குறைவு.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஆள், வண்டி, இருபக்கப் பைகள், கூடாரம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 2 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போக, புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 80 வாட் திறன் வேண்டும். வீட்டில் சுழலும் பழைய மின்விசிறி இழுப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். சுமாரான உடல்நலம் உள்ள எவரும் அதை மணிக்கணக்கில் கொடுக்க முடியும். அதே 80 வாட்டை 100-க்கு 8 உயரும் சாலையில் செலவழித்தால் வேகம் மணிக்கு 4 கி.மீ.கூடத் தேறாது. வண்டியை விட்டு இறங்கி நடப்பவர் முந்திவிடுவார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த 8 என்ற எண்ணின் பொருளைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் கிட்டத்தட்ட அந்த அளவு. அதற்காகத்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் வைத்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். பற்சட்டம் இல்லாத சாதாரண முதன்மை ரயில் பாதைக்கு 100-க்கு இரண்டரை என்பதே செங்குத்து.

ஆக, மலையில் ரயில் போன தடம் என்றால் சைக்கிளும் போகும் என்று பெரும்பாலும் நம்பலாம். வரைபடத்தில் ஆற்றின் நீலக்கோட்டைப் பார்ப்பதைவிட ரயிலின் கறுப்புக்கோட்டைப் பார்ப்பது பயணிக்குப் பயன் தரும்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் பெல்லா ஆற்றின் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல சாட்சி. உடினேவிலிருந்து தர்விசியோவுக்குப் போன 19-ஆம் நூற்றாண்டு ரயில் பாதை இந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றை மாறி மாறித் தாண்டி, பாறையைக் குடைந்து ஏறியது. பின்னர் பெரும்பகுதி சுரங்கத்திலேயே ஓடும் புதிய பாதை வந்தது. 2000 வாக்கில் பழைய தடம் முழுவதும் கைவிடப்பட்டது. அதன் மேல் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன. சால்ஸ்பர்க்கிலிருந்து அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள கிராடோ வரை சுமார் 410 கி.மீ. நீளும் ஆல்ப்-அட்ரியா பாதையில் இந்தப் பகுதிதான் மணிமகுடம். இரும்புப் பாலங்கள் மேல் உருளும்போது கீழே வெள்ளைக் கூழாங்கல் படுகையும் அதில் நீலம் கலந்த நீரும் தெரியும். சுரங்கத்துக்குள் புகுந்தால் கோடையிலும் குளிர் அடிக்கும். கியுசாபோர்தே ஊரின் பழைய நிலையக் கட்டடத்தில் இப்போது ரயிலுக்குப் பதிலாகக் காப்பிக்குக் காத்திருக்கிறார்கள். 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தப் பாதைக்கு அந்த ஆண்டின் சிறந்த சைக்கிள் பாதை என்ற விருது கிடைத்தது. அதே பாதையின் ஆஸ்திரியப் பகுதியில், டவர்ன் மலைத்தொடரை மட்டும் யாரும் மிதித்துக் கடப்பதில்லை. பெக்‌ஷ்டைனில் வண்டியை ரயிலில் ஏற்றி, 8 கி.மீ.க்கு மேல் நீளும் சுரங்கத்தைத் தாண்டி மால்னிட்சில் இறக்கிக்கொள்கிறார்கள். ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த மலையின் குறுக்கே வேறு வழியில் போக நினைத்தால் சுற்று எவ்வளவு என்று பார்த்தபின் முகம் தானாகச் சரியாகிவிடும்.

மலைக்கு நடுவே சைக்கிளுக்கு இப்படி மென்மையான பாதை கிடைக்க ரயில் மட்டுமா காரணம் என்றால், இல்லை. ஆல்ப்ஸ் மலையின் பெரிய பள்ளத்தாக்குகளை ஆறுகள் தனியாக உருவாக்கவில்லை. பனிக்காலங்களில் ஆயிரம் மீட்டர் தடிப்புக்கும் மேலாகப் பனியாறுகள் அவற்றை நிறைத்து, அடியையும் பக்கங்களையும் செதுக்கி, அகலமான தொட்டி போல ஆக்கிவிட்டுப் போயின. பின்னால் வந்த ஆறு அந்தத் தொட்டியில் வண்டலைப் பரப்பித் தட்டையாக்கியது. சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் பிரிக் ஊருக்கும் ஜெனீவா ஏரிக்கும் இடையே ஏறக்குறைய 120 கி.மீ. தூரம், உயர வேறுபாடு வெறும் 300 மீட்டர். இருபுறமும் 4,000 மீட்டர் சிகரங்கள் நிற்க, நடுவில் தஞ்சாவூர் வயல்வெளி போலத் தட்டையான நிலம்.

ஆனால் அந்தத் தட்டையில் 19-ஆம் நூற்றாண்டு வரை யாரும் சுகமாகப் போய்விட முடியவில்லை. ரோன் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து அலைந்தது. நிலமெல்லாம் சதுப்பு, கொசு, மலேரியா. ஊர்களும் பழைய சாலைகளும் ஒதுங்கி, பக்கவாட்டு ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய விசிறி வடிவ வண்டல் மேடுகளின் மேல் இருந்தன. 1863-இல் தொடங்கி 1894 வரை ஆற்றின் இரு பக்கமும் கரை கட்டி அதை ஒரே வாய்க்காலாக ஆக்கினார்கள். வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட அந்தக் கரைகளின் மேல்தான் இன்று சைக்கிள் பாதை பெரும்பாலும் ஓடுகிறது. டான்யூப் பாதைக்கும் இப்படி ஒரு பூர்வகதை உண்டு: படகுகளை ஓட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் கட்டி இழுத்த கரைத்தடமே பாசாவுக்கும் வியன்னாவுக்கும் இடையே ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற சைக்கிள் பாதையாகியிருக்கிறது. இவற்றில் எதையும் யாரும் சைக்கிளுக்காகக் கட்டவில்லை. குதிரையும் ரயிலும் வெள்ளமும் விட்டுச்சென்ற சொத்தில் சைக்கிள் குடியேறியிருக்கிறது.

அந்த விசிறி மேடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணியின் தொடைக்கு அவை நன்றாகத் தெரிந்தவை; வரைபடத்தில்தான் தெரிவதில்லை. பக்கத்து மலையிலிருந்து ஒரு ஓடை மண்ணும் கல்லுமாகக் கொட்டிக்கொண்டே இருந்தால், முக்கியப் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு சாய்ந்த மேடு உருவாகிறது. ஆறு அதைச் சுற்றி மறுகரைக்கு ஒதுங்கிப் போகிறது. சாலை அதன் மேலேறி இறங்குகிறது. ரோன் பள்ளத்தாக்கில் சுஸ்டனுக்கும் சியேருக்கும் இடையே இல்கிராபன் ஓடையின் மேடு இப்படித்தான். ஆல்ப்ஸ் மலையில் மிகச் சுறுசுறுப்பாகச் சேற்றுவெள்ளம் கொட்டும் ஓடைகளில் அதுவும் ஒன்று என்பதால் அறிஞர்கள் அங்கே கருவிகள் பொருத்தி ஆண்டுக்கணக்காகக் கவனித்து வருகிறார்கள். ரோன் அந்த இடத்தில் மட்டும் இன்னமும் கட்டுக்கடங்காமல் பரந்து ஓடுகிறது; பைன் காடும் அங்கேதான். கால் வலித்தாலும் அந்த முழுப் பள்ளத்தாக்கிலும் நின்று பார்க்கத் தகுந்த இடம் அதுவே.

இத்தாலியின் தென் திரோலில் எட்ஷ் ஆற்றுப் பாதையும் இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. ரெஷன் கணவாய் 1,500 மீட்டரை ஒட்டிய உயரம். அங்கே ஓர் ஏரி; ஏரிக்குள் ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீரிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. 1950-இல் நீர்மின் அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட கிரவுன் கிராமத்தில் எஞ்சியது அதுதான். அங்கிருந்து மெரான் நகரம் வரை சுமார் 80 கி.மீ.யில் பாதை 1,200 மீட்டர் இறங்குகிறது. இறக்கம் சீராக இராது. மால்ஸ் ஊருக்கு மேல் ஒரு பெரும் விசிறி மேட்டில் சரசரவென்று இறங்கும். பிறகு ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே தட்டையாக ஓடும். மெரானுக்கு முன்னால் மறுபடி விழும். ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பது சாய்தளம் அல்ல, படிக்கட்டு.

இந்தப் படிக்கட்டைச் சாமானியக் குடும்பங்களும் அனுபவிக்க முடிவதற்குக் காரணம் ரயில். மெரான்–மால்ஸ் பாதை 1990-இல் மூடப்பட்டு 2005-இல் மாகாண அரசால் மீண்டும் திறக்கப்பட்டது. மேலே ரயிலில் போய், நிலையத்திலேயே வாடகைக்கு வண்டி எடுத்து, கீழே மிதித்து வந்து இன்னொரு நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம். திராவ் ஆற்றின் தொடக்கத்தில், இத்தாலியின் தொப்லாக்கிலிருந்து ஆஸ்திரியாவின் லியன்ஸ் வரையுள்ள 44 கி.மீ. இந்த வழக்கத்தின் உச்சம். 500 மீட்டருக்குச் சற்று அதிகமான இறக்கம், வழியில் எல்லைக்கோடு, கடைசியில் சைக்கிள்களோடு திரும்பும் ரயில். கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை வண்டி இணைத்த சைக்கிள்கள், கூடையில் நாய்க்குட்டி வைத்த பாட்டிகள் என்று அந்தப் பாதை திருவிழாக் கூட்டமாகிவிடும். தொப்லாக்கின் புல்வெளி இன்னொரு விதத்திலும் வேடிக்கையானது. அந்தத் தட்டை நிலத்தில் ஒரு பக்கம் விழும் மழை திராவ் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது, மறுபக்கம் விழுவது ரியன்ஸ் வழியாக அட்ரியாட்டிக்குக்கு. நீர்ப்பிரிமேடு என்று சொல்ல அங்கே மேடே கிடையாது.

எல்லா நீர்ப்பிரிமேடுகளும் இப்படி இரக்கம் காட்டுவதில்லை. ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில், கி.பி. 46-47-இல் முடிக்கப்பட்ட கிளாடியா அகுஸ்தா சாலையின் பெயரில் இன்று ஒரு சைக்கிள் பாதை டான்யூப் கரையிலிருந்து வட இத்தாலிக்குப் போகிறது. அதில் இன் ஆற்றின் பள்ளத்தாக்கை விட்டு ரெஷன் பக்கம் தாவ வேண்டிய இடத்தில் பின்ஸ்டர்முன்ஸ் என்ற இருண்ட மலையிடுக்கு குறுக்கே நிற்கிறது. சைக்கிள்காரர்கள் பலர் சுவிஸ் எல்லையிலுள்ள மார்த்தினா வரை ஆற்றோடு போய், 11 கொண்டை ஊசி வளைவுகளில் 370 மீட்டர் ஏறி நவுடர்ஸ் பக்கம் இறங்குகிறார்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான வரி என்று அதை எண்ணிக்கொண்டால் மனம் ஆறும்.

இறக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 100 கிலோ சுமை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகமாக இறங்கினால் அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அத்தனையும் சக்கர விளிம்பிலோ பிரேக் தட்டிலோ வெப்பமாக இறங்கும். ட்யூப் வெடிப்பதும் பிரேக் கட்டை வழுக்குவதும் அப்போதுதான். விட்டு விட்டுப் பிடி, இடையில் நின்று காட்சி பார் என்று அனுபவசாலிகள் சொல்வது ரசனைக்காக மட்டுமல்ல.

அடுத்தது காற்று. கீழ்நோக்கி மிதிப்பவரின் கணக்கைத் தலைகீழாக்குவதில் நிலச்சரிவைவிட இதற்கே பங்கு அதிகம். வெயில் ஏறியதும் மலைச்சரிவுகள் சூடாகி, அங்குள்ள காற்று மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து பள்ளத்தாக்கு வழியே காற்று மேல்நோக்கி வீசுகிறது. இரவில் இது திரும்பிவிடும். ஆகவே ஆற்றோடு இறங்குபவருக்குக் காலையில் முதுகில் ஒரு மெல்லிய தள்ளு. பிற்பகலில் முகத்தில் அறை. ரோன் ஆறு செங்கோணமாகத் திரும்பும் மார்த்தினி அருகே கோடைப் பிற்பகல்களில் தட்டையான கரையில்கூடச் சின்ன கியரில் திணறும் பயணிகளைக் காணலாம். விதிவிலக்கும் உண்டு: இன் ஆறு பிறக்கும் மேல் எங்கடீனில், மலோயா கணவாயிலிருந்து பகலில் காற்று பள்ளத்தாக்கின் கீழ்நோக்கியே வீசும். அங்கே இறங்குபவருக்கு இரட்டை அதிர்ஷ்டம்.

காற்றின் முழு ஆட்டத்தையும் பார்க்க நேபாளத்தின் காளி கண்டகிக்குத்தான் போகவேண்டும். 8,167 மீட்டர் தவளகிரிக்கும் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவுக்கும் நடுவே இந்த ஆறு இமயத்தை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்குகிறது. வடக்கே திபெத்தியப் பீடபூமி பகலில் கொதிக்க, தெற்கின் காற்று இந்தச் சந்துக்குள் முண்டியடித்து ஏறுகிறது. காலை பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கினால் மாலை வரை ஓயாது. ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே பறந்து முடித்துவிடுவதற்கு இதுவே காரணம். ஜோம்சோமுக்கு மேலே, 3,700 மீட்டர் உயரத்தில் முக்திநாத் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் இதுவே என்று வைணவர்கள் கொள்வதால் தமிழ்நாட்டிலிருந்து பேருந்து பேருந்தாக யாத்திரிகர்கள் வருகிறார்கள். காளி கண்டகியின் படுகையில் சாளக்கிராமக் கற்களைத் தேடிக் குனிந்திருக்கும் அவர்களுக்கு நடுவே, முக்திநாத்திலிருந்து தத்தோபானி வரை 2,500 மீட்டர் இறங்கக் கிளம்பிய சைக்கிள்காரர் புழுதி அறையும் எதிர்காற்றில் இறக்கத்தையே ஏற்றம் போல மிதித்துக்கொண்டிருப்பார். விடியலில் கிளம்பியவர் அப்போது கீழே வெந்நீர் ஊற்றில் கால் நனைத்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் பாதை ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு.

இமயத்துக்கு வந்துவிட்டோம். இமயப் பயணத்தை ஆல்ப்ஸ் பயணத்தின் கடினமான பதிப்பு என்று எண்ணிப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அது வேறு வகை. இந்த மலைகள் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கின்றன. சிந்து, சட்லஜ் போன்ற ஆறுகள் மலைத்தொடருக்கு அப்பால், திபெத்தில் பிறந்து, மலை எழ எழ அதை அறுத்துக்கொண்டே வந்தவை. அதனால் பள்ளத்தாக்கு பல இடங்களில் தொட்டியாக இல்லாமல், கத்தி இறங்கிய வெட்டாக இருக்கிறது. அடியில் ஆறு ஓட மட்டுமே இடம். சாலையைச் சுவரில்தான் செதுக்க வேண்டும். சுவர் எங்கே இளகியதோ அங்கெல்லாம் மேலேயோ கீழேயோ விலகிப் போகவேண்டும்.

சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக ஸ்பிதிக்குப் போகும் பாதையைப் பார்க்கலாம். 1850-இல் டல்ஹவுசி பிரபு காலத்தில் தொடங்கிய இந்துஸ்தான்–திபெத் சாலையின் வாரிசு இது. சிம்லா 2,200 மீட்டர். அங்கிருந்து 2,700 மீட்டர் நார்கண்டாவுக்கு ஏறி, பின்பு சட்லஜ் கரைக்கு இறங்கும்போது 1,500 மீட்டருக்கு மேல் கைநழுவிப் போகும். வியர்வை சிந்திச் சேர்த்த உயரம்! ராம்பூரிலிருந்து மறுபடி முதலிலிருந்து. வலப்புறம் பாறை தலைக்கு மேல் கூரையாகக் கவிந்திருக்க, இடப்புறம் நேரே பள்ளம். ஆற்றைப் பார்த்தால் சில இடங்களில் நீரே அதிகமில்லை. 1,500 மெகாவாட் நாத்பா–ஜாக்ரி மின்திட்டம் சட்லஜ் நீரை 27 கி.மீ.க்கு மேல் நீளும் சுரங்கத்தில் மலைக்குள்ளேயே கொண்டுபோகிறது; நீர் ஒரு வழியில், படுகை ஒரு வழியில். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லஜோடு கலக்கிறது. அங்கே ஸ்பிதியின் வாய் மிகக் குறுகலானது. ஆற்றோடு நுழைய முடியாத சாலை 1,000 மீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஏறி 3,660 மீட்டரில் நாக்கோ ஏரியைத் தொட்டு, மறுபுறம் இறங்குகிறது. ருயினவுல்டாவில் 200 மீட்டர் ஏறியதற்கே அலுத்துக்கொண்டவரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதற்கு அப்பால்தான் பள்ளத்தாக்கு விரிகிறது. கி.பி. 996-இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயத்தை ஒட்டி, மழை எட்டாத பழுப்பு மலைகளுக்கு நடுவே ஆறும் சாலையும் கடைசியாக ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போவதும் நிரந்தரமல்ல. பாகிஸ்தானின் கரக்கோரம் நெடுஞ்சாலை சுமார் 1,300 கி.மீ. நீளம், 1979-இல் முடிந்தது, சிந்து, கில்கித், ஹுன்சா ஆறுகளைப் பிடித்துக்கொண்டு 4,693 மீட்டர் குஞ்சராப் கணவாய் வரை ஏறுகிறது. அதற்கு முன்பே, 1963-இல் அயர்லாந்திலிருந்து டெல்லிக்கு ஒற்றையாகச் சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்பி, சாலை என்று சொல்லத் தகாத தடங்களில் வண்டியைச் சுமந்தும் தள்ளியும் கில்கித், பாபுசர் பக்கம் போயிருக்கிறார். நெடுஞ்சாலை வந்தபின் உலகின் நெடுஞ்சைக்கிள் பயணிகளுக்கு அது ஒரு காசி யாத்திரை ஆயிற்று. 2010 ஜனவரி 4 அன்று அத்தாபாதில் மலை சரிந்து ஹுன்சா ஆற்றை அடைத்தது. உயிர்கள் போயின, பின்னால் தேங்கிய ஏரி 20 கி.மீ.க்கு மேல் சாலையையும் ஊர்களையும் விழுங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக லாரிச் சரக்கும் மனிதரும் சைக்கிளும் மரப்படகில்தான் அக்கரை போயினர். 2015-இல்தான் சுரங்கங்களோடு புதிய சாலை திறந்தது. பிளிம்ஸில் 9,500 ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே நம் காலத்திலேயே பார்க்க முடிந்தது. தைவானில் கடல் மட்டத்திலிருந்து 105 கி.மீ.யில் 3,275 மீட்டர் ஏறும் புகழ்பெற்ற சைக்கிள் சாலை, தரோகோவின் பளிங்கு மலையிடுக்கு வழியாகப் போகிறது. 2024 ஏப்ரல் 3 நிலநடுக்கம் அந்த இடுக்கைக் குலுக்கிப் போட்டுப் பாறைகளால் மூடியது. ஆழமான இடுக்குகளின் அழகும் ஆபத்தும் ஒரே சுவரிலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொள்ள வழியில்லை.

ஐரோப்பியப் பாதைகளைப் பார்த்து, நம் மலைகளிலும் இப்படிப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது; விடை பாதையில் இல்லை, ரயில் பெட்டியில் இருக்கிறது. அங்கே சைக்கிளோடு ஏறி இறங்க ரயிலில் இடம் உண்டு. இங்கே ரயிலில் சைக்கிளைச் சரக்காகப் பதிந்து லக்கேஜ் பெட்டியில் அனுப்ப வேண்டும். மலையில் ரயில் முடிந்ததும் பேருந்தின் கூரைமேல் கயிறு கட்டி ஏற்ற வேண்டும். குடும்பத்தோடு வருபவருக்கும் விடுமுறை நான்கே நாள் உள்ளவருக்கும் அந்த இடத்திலேயே பயணம் முடிந்துவிடுகிறது. மிச்சமிருப்பவர்கள் பிடிவாதக்காரர்கள்.

அந்தப் பிடிவாதக்காரர்களின் பாதை மணாலி–லே. 470 கி.மீ.யை ஒட்டிய தூரம். பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வரைபடத்தில் பார்த்தால் இதுவும் ஆற்றுப் பாதைதான்: பியாஸ், சந்திரா, பாகா, சாரப், கடைசியில் சிந்து. எல்லைப் படைகளுக்காக எல்லைச் சாலை அமைப்பு பராமரிக்கும் இந்தச் சாலை ஆறுகளோடு சேர்ந்து போவதைவிட ஆற்றுக்கு ஆறு தாவுவதே அதிகம். பியாஸை அதன் பிறப்பிடம் வரை துரத்திக்கொண்டு போனால் 3,978 மீட்டர் ரோதங் கணவாய். 2020 அக்டோபர் 3 அன்று திறந்த 9 கி.மீ. அடல் சுரங்கத்தில் வாகனங்கள் திரும்பிவிட்டதால், பழைய கணவாய்ச் சாலையில் லாரிப் புகை குறைந்திருக்கிறது. அந்தப் பக்கம் சந்திராவோடு தாண்டி என்ற ஊர் வரை இறக்கம். அங்கே பாகா வந்து சேர, இரண்டும் செனாப் ஆகின்றன. தாண்டியின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எழுதிய பலகை பயணிகளிடையே பிரசித்தம். பெட்ரோல் தேவையில்லாத சைக்கிள்காரரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். அடுத்த ஆறேழு நாளுக்கான பிஸ்கட்டும் மேகியும் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

பாகாவை எதிர்த்து ஏறினால் 4,890 மீட்டர் பாரலாச்சா கணவாய். சந்திரா, பாகா, யூனம் மூன்றும் அந்த மேட்டைச் சுற்றிப் பிறந்து வெவ்வேறு திசையில் போகின்றன. வழியில் சாலையைக் குறுக்கே வெட்டும் பனியுருகு ஓடைகளில் ஒன்றுக்குப் பாகல் நாலா, பைத்தியக்கார ஓடை, என்றே பெயர். காற்றைப் போலவே அதற்கும் ஒரு கடிகாரம். விடியலில் கணுக்கால் அளவு. வெயில் ஏறிப் பனி உருகியபின் பிற்பகலில் முழங்காலைத் தள்ளும். சர்ச்சூவுக்கு அப்பால் கதா வளைவுகள், 21 கொண்டை ஊசி, நக்கீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். சமவெளியில் 150 வாட் கொடுத்த கால் இங்கே 100 வாட்டுக்கே முறையிடும். மோர் சமவெளியின் பல கிலோமீட்டர் தட்டையில் எதிர்காற்று வேறு. இத்தனைக்கும் பிறகு தங்லங் லா, 5,300 மீட்டருக்கு மேல்.

அங்கிருந்து கியா ஓடையோடு சேர்ந்து ஊதாவும் பச்சையுமான பாறைகளுக்கு நடுவே இறங்கினால் உப்ஷி. சிந்து நதி அங்கே எதிர்ப்படுகிறது. அடுத்த 50 கி.மீ.யில் பள்ளத்தாக்கு அகலமாகிறது. பாப்லர் மரங்கள், பார்லி வயல்கள், குன்றுகளின் மேல் மடாலயங்கள். ஒரு வாரமாக ஆறுகளை விட்டு விட்டு ஓடிய சாலை, முதல் தடவையாக ஓர் ஆற்றின் கரையில் நெடுநேரம் அமைதியாகப் போகிறது. ஆனால் லே நகரம் சிந்துவின் கரையில் இல்லை; பக்கவாட்டில் மேலேறிய ஒரு சரிவில் இருக்கிறது. சோக்லம்சரில் ஆற்றைவிட்டு விலகி, 200 மீட்டருக்கு மேல் ஏறினால்தான் கடைத்தெரு வரும். ராணுவ முகாம்களையும் டாக்சிகளையும் தாண்டி, சின்ன கியருக்கு மாற்றி, பயணிகள் அந்தக் கடைசி ஏற்றத்தைத் திட்டிக்கொண்டே மிதிக்கிறார்கள்.